காஸ்டிக் சோடாவுக்குப் பயப்படும் மகளுக்கு

அம்மாடி,

வீட்டிலேயே சோப்பு செய்து பார்க்க ஆசையாக இருக்கிறது, ஆனால் காஸ்டிக் சோடா என்றாலே கை நடுங்குகிறது, அது இல்லாமல் செய்ய வழி உண்டா அப்பா என்று கேட்டிருந்தாய். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் இது அரைகுறையாகக் காதில் விழுந்து போகிற விஷயம் இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல். அந்த டப்பா வீட்டுக்குள் வரப்போகிறது என்றால் அது என்ன என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் உன் கேள்விக்குப் பதில்: வழி இல்லை. காஸ்டிக் சோடா போன்ற காரம் இல்லாமல் சோப்பு இல்லை. உருக்கி அச்சில் ஊற்றுகிற கட்டி கிடைக்கிறதே, அதற்குக் காஸ்டிக் வேண்டாமே என்பாய். வேண்டாம்தான், ஏனென்றால் அந்த வேலையை வேறு யாரோ தொழிற்சாலையில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். அதில் நிறமும் வாசனையும் சேர்ப்பது மட்டும்தான் உன் பங்கு. அதுவும் நல்ல பொழுதுபோக்குதான், குறை சொல்லவில்லை. ஆனால் எண்ணெயிலிருந்து சோப்பு உண்டாவதை உன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் காஸ்டிக்கைத் தொட்டே ஆக வேண்டும்.

பயம் குறைய வேண்டுமானால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள். எந்தச் சமையல் எண்ணெயை எடுத்தாலும், ஒரு கிளிசரின் மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் அதன் அமைப்பு. காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, அந்த மூன்றையும் கழற்றிச் சோடியத்தோடு சேர்த்துவிடுகிறது. அப்படிச் சேர்ந்ததுதான் சோப்பு, தனியாக நிற்பது கிளிசரின். ஆகவே எண்ணெய்க்குத் தகுந்த அளவு காஸ்டிக் போட்டால் கடைசியில் காஸ்டிக் என்று ஒன்று மிஞ்சவே மிஞ்சாது, போட்ட மொத்தமும் சோப்பாக மாறியிருக்கும். இந்த விவரத்தைப் பிரித்துச் சொன்னவர் ஷெவ்ரெல் என்கிற பிரெஞ்சு வேதியியலாளர், கொழுப்புகளைப் பற்றிய அவருடைய நூல் 1823-ல் வந்தது. (மனிதர் 1786-ல் பிறந்து 1889 வரை வாழ்ந்தார், நூறைத் தாண்டிய ஆயுள்!) அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பிருந்தே மக்கள் மரச்சாம்பலை ஊறவைத்து வடித்த தண்ணீரில் சோப்பு காய்ச்சிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்தச் சாம்பல் நீர் எவ்வளவு காரம் என்று அவர்களால் துல்லியமாகச் சொல்ல முடியாது, ஒருமுறை எரியும், ஒருமுறை எண்ணெய் மிதக்கும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. சுத்தமான காஸ்டிக் கிடைக்கிறது, கிராம் கணக்கில் தராசு கிடைக்கிறது.

நான் சொல்ல வந்ததே இந்தத் தராசைத்தான். கையுறை உன் கையைக் காப்பாற்றும், ஆனால் அந்தச் சோப்பை நாளைக்குத் தேய்த்துக் குளிக்கிறவர்கள் எல்லோரையும் காப்பாற்றுவது தராசு. அதனால் யாருடைய குறிப்பையும் அப்படியே எடுத்துச் செய்யாதே, நான் கொடுப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் நீயே கணக்குப் போடு.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒரு எண் உண்டு, 1 கிராம் எண்ணெய் முழுதாகச் சோப்பாக எத்தனை கிராம் காஸ்டிக் சோடா வேண்டும் என்பது அது. தேங்காய் எண்ணெய்க்கு 0.183, ஆலிவ் எண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. முதல் முறைக்கு நான் சொல்லும் கலவை ஆலிவ் 250 கிராம், தேங்காய் 200 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். பெருக்கிக் கூட்டினால் 33.5, 36.6, 6.4, மொத்தம் 76.5 கிராம் வரும். அதை அப்படியே போடக் கூடாது. 5 சதவீதம் குறைத்து 72.7 கிராம் போட வேண்டும். இப்படிக் குறைப்பதைச் சூப்பர்ஃபேட் என்பார்கள். கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சித் தோலுக்கு இதமாக இருக்கும். ஒரே எண்ணெயிலும் இந்த எண் லேசாக மாறும், தராசும் துளி முன்னே பின்னே காட்டும், அதற்கெல்லாம் இடம் விட்டதாகவும் ஆகும். தண்ணீர் காஸ்டிக்கைப் போல இரண்டு மடங்கு, 145 கிராம்.

இப்போது இதையே அசட்டையாகச் செய்தால் என்ன ஆகும் என்று பார். 500 கிராம் எண்ணெய்க்குப் பதில் 500 மில்லி என்று அளவுக் குவளையில் ஊற்றிவிட்டாய் என்று வை. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, 500 மில்லியின் எடை 460 கிராம் அளவில்தான் இருக்கும். அதற்கு மொத்தமாகவே 70.4 கிராம் காஸ்டிக் போதும், நீ 72.7 போட்டிருப்பாய். விட்டு வைத்த 5 சதவீதமும் போய், அதற்கு மேலும் 2 கிராமுக்குச் சற்று அதிகமாகக் காரம் கட்டிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால் தேங்காய் எண்ணெய் தீர்ந்துபோச்சு, அந்த 200 கிராமையும் ஆலிவிலேயே போட்டுவிடலாம் என்று நினைக்கிறாய். அப்போது தேவை 66.7 ஆக இறங்கிவிடும், 72.7 போட்டால் 6 கிராம் மிச்சம். பார்வைக்கு இரண்டுமே அழகான சோப்பாகத்தான் இருக்கும், தேய்த்த பிறகுதான் எரியும். அதனால் எண்ணெயும் கிராம், தண்ணீரும் கிராம், காஸ்டிக்கும் கிராம். ஸ்பூன், கப், குவளை எதற்கும் இங்கே வேலை இல்லை. எண்ணெய் மாறினால் கணக்கும் மாற வேண்டும்.

தராசு 0.1 கிராம் காட்டுவதாக வாங்கு. காஸ்டிக் சோடா சுத்தமானதாக, சவ்வரிசி மாதிரி மணியாகவோ செதிலாகவோ இருக்கட்டும். சாக்கடை அடைப்பு நீக்கும் தூள்களில் வேறு சரக்கெல்லாம் கலந்திருக்கும், வேண்டவே வேண்டாம். டப்பாவைத் திறந்து போடாதே, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு வீரியம் குறையும், அப்புறம் 72.7 என்று நிறுத்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

கரைக்கும்போது ஒரே ஒரு விதி. தண்ணீரில் காஸ்டிக்கைப் போடு. காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஒருநாளும் ஊற்றாதே, கொதித்து மேலே தெறிக்கும். பச்சைத் தண்ணீர் போதும், அடுப்பு வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கக் கலக்க அதுவே சூடாகி 80, 90 டிகிரி வரை போகும். முதலில் கலங்கலாக இருக்கும், அப்போது எழும் ஆவி தொண்டையில் காரும், முகத்தைத் திருப்பிக்கொள், ஜன்னலைத் திறந்து வை. கொஞ்ச நேரத்தில் கலங்கல் தெளிந்து சாதாரணக் குடிநீர் மாதிரியே ஆகிவிடும். எனக்கு இந்தக் கட்டம்தான் மிகவும் கவலை. புகை இல்லை, நுரை இல்லை, வாடை இல்லை, அந்தப் பாத்திரத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகமே வராது. அதனால் குட்டிப்பயல் தூங்கிய பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு செய். பாத்திரத்தின் மேல் பெரிதாக எழுதி ஒட்டு. கரைசல் ஆறட்டும் என்று வைத்துவிட்டு வேறு அறைக்குப் போகாதே.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும், அல்லது அடியில் 5 என்று போட்டிருக்கும் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். அலுமினியம் கிட்டவே வரக் கூடாது, காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கண்ணாடியும் வேண்டாம், சூட்டில் விரியலாம். கண்ணுக்குப் பக்கமெல்லாம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, காலில் செருப்பு. தோலில் பட்டால் குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவு, வினிகர் ஊற்றச் சொல்வார்கள், தோலின்மேல் அதைச் செய்யாதே. கண்ணில் பட்டால் உடனே தண்ணீர், விடாமல் தண்ணீர், அப்படியே மருத்துவமனை. தவறிப்போய் யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, ஏனென்றால் வரும் வழியில் அது மறுபடியும் தொண்டையைச் சுடும், நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மாப்பிள்ளைக்கு இந்த ஒரு பத்தியை மட்டுமாவது தனியாகக் காட்டு.

சரி, இனி சந்தோஷமான பகுதி. கரைசலும் எண்ணெயும் வெதுவெதுப்பான சூட்டுக்கு, 40 டிகிரி பக்கத்தில் வந்ததும், எண்ணெயில் கரைசலை மெதுவாக ஊற்று. கை பிளெண்டரைச் சாய்த்து இறக்கினால் அடியில் சிக்கிய காற்று வெளியே போய்விடும். விடாமல் ஓட்டாதே, சில விநாடி ஓட்டு, நிறுத்து, அதையே கரண்டியாக வைத்துக் கையால் கலக்கு, மறுபடி ஓட்டு. தொடக்கத்தில் எண்ணெய் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு கரண்டியோடு சேராமல் நழுவும். பிறகு ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வரும், பளபளப்பு மங்கும், பிளெண்டரைத் தூக்கிச் சொட்டவிட்டால் அந்தச் சொட்டு உடனே மறையாமல் மேலே ஒரு கோடாக நிற்கும். இதற்குப் பெயர் டிரேஸ். இனி எண்ணெயும் நீரும் பிரியாது. எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கோடு விழும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும் அம்மாடி, அதை நீ பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வாசனை எண்ணெய் சேர்ப்பதானால் டிரேஸ் வந்ததும் சேர். கிராம்பு எண்ணெய் போன்றவை கலவையை மளமளவென்று இறுக்கிவிடும், முதல் முறைக்கு வாசனையே இல்லாமல் செய். பாலும் தேனும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம், இரண்டிலும் சர்க்கரை இருக்கிறது, சூடு ஏறிக் கருகும். அச்சில் ஊற்றிய பிறகு நடுப்பகுதி கண்ணாடிபோல் கருமையாகத் தெரிந்தால் பயப்படாதே, சூடு ஏறும்போது அப்படித்தான் ஆகும். மேலே வெள்ளையாகச் சாம்பல் பூத்தாலும் கவலையில்லை, காற்றோடு சேர்ந்து உண்டான சோடியம் கார்பனேட் அது, துடைத்தால் போகும். ஓரிரு நாளில் கட்டி வெட்டுகிற பதத்துக்கு வரும், அப்போதும் கையுறை போட்டுக்கொள்.

வெட்டினதும் தேய்த்துப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். காரம் அநேகமாக முதல் இரண்டு நாளிலேயே தீர்ந்துவிடும், ஆனால் உள்ளே தண்ணீர் நிறைய இருக்கும். இப்போதே பயன்படுத்தினால் நுரை சரியாக வராமல் வழவழவென்று கரைந்தே போகும். 4 முதல் 6 வாரம் காற்றோட்டமான இடத்தில் இடைவெளி விட்டு அடுக்கி வை. ஆலிவ் மட்டும் போட்டுச் செய்ததென்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், காத்திருந்தால் அது நல்ல இதமான சோப்பு. இங்கேயும் தராசுதான், ஒரு கட்டியின் மேல் குறி போட்டு வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வை. எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். நல்லபடியாகச் செய்த சோப்பும் காரத்தன்மை உள்ளதுதான், அதன் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 9, 10 என்று இருக்கும், தோலோ 5 பக்கத்தில் இருப்பது. இயற்கையானது, வீட்டில் செய்தது என்பதற்காகக் குட்டிப்பயலுக்குத் தேய்க்காதே. அவன் தோல் கொஞ்சம் வளரட்டும். உங்களில் யாருக்காவது தோல் வறண்டால் அடுத்த முறை தேங்காய் எண்ணெயைக் குறைத்துக்கொள், நுரையும் கெட்டித்தன்மையும் தருவது அதுதான், தோலின் எண்ணெயை உரித்தெடுப்பதும் அதுதான்.

எண்ணெய்களை நிறுத்து முடித்ததும் காஸ்டிக் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், மூன்று எண்ணெயின் எடையை மட்டும் எனக்கு அனுப்பு. எவ்வளவு காஸ்டிக் என்று நீ போட்ட விடையைச் சொல்லாதே. நான் தனியாகப் போட்டு அனுப்புகிறேன், இரண்டும் ஒத்துப்போனால் கையுறையை மாட்டு, போகாவிட்டால் கூப்பிடு, எந்த நேரமானாலும் விழித்திருப்பேன்.

அப்பா