தக்காளிப் பூவும் ராத்திரி வெப்பமும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ கேட்டிருந்ததை மனதில் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் செடிகளுக்கு நடுவே நின்று பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் தள்ளிப்போட்டேன். உன் முழங்கால் வலி குறைந்து, மறுபடியும் குனிந்து நிமிர்ந்து தோட்ட வேலை செய்கிறாய் என்று படித்ததும் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. எனக்கும் உடம்பு பரவாயில்லை. கண் புரை ஆபரேஷனுக்குப் பிறகு தக்காளிப் பூவின் உள்ளே இருப்பதுகூடத் தெளிவாகத் தெரிகிறது.

“செடி செழிப்பாக இருக்கிறது, பூவும் கொத்துக் கொத்தாக வைக்கிறது, ஆனால் ஒரு பிஞ்சுகூட நிற்கமாட்டேன் என்கிறது” என்று எழுதியிருந்தாய். படித்ததும் எழுந்துபோய் என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். போன கோடையில் கிட்டத்தட்ட இதே வரியை நானும் எழுதி வைத்திருக்கிறேன். உனக்குக் குளிர், எனக்கு வெயில். குறை மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்.

நான் ரொம்ப நாள் பகல் வெயிலைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். 38, 40 டிகிரி என்று போனால் எந்தச் செடிதான் தாங்கும்? அப்புறம்தான் ஒரு வெப்பமானி வாங்கினேன். ஒரு நாளின் உச்ச வெப்பத்தையும் குறைந்தபட்ச வெப்பத்தையும் காட்டுகிற வகை. அதைச் செடியின் உயரத்திலேயே நிழலில் தொங்கவிட்டு, தினமும் இரண்டு எண்களையும் குறித்தேன். பக்கத்திலேயே அன்று காலை உதிர்ந்து கிடந்த பூக்களின் எண்ணிக்கை. இரண்டு மாதம் விடாமல் எழுதினேன். முதலில் கணக்கு பொருந்தவே இல்லை. நல்ல குளிர்ச்சியான நாளில் பூக்கள் கொட்டின, கொளுத்துகிற நாளில் நாலு பிஞ்சு நின்றது. பூக்களின் வரிசையைப் பத்து நாள் முன்னால் நகர்த்தி வைத்துப் பார்த்தபோதுதான் பளிச்சென்று தெரிந்தது. ராத்திரி வெப்பம் 25, 26-க்குக் கீழே இறங்காத வாரங்கள் வந்து பத்து நாள் கழித்துத்தான் பூக்கள் மொத்தமாக உதிர்ந்திருக்கின்றன. பகல் 36 தொட்டாலும் ராத்திரி 20-க்கு இறங்கிய வாரங்கள் அவ்வளவு மோசமாக இல்லை.

காரணம் என்னவென்று தேடிப் படித்தேன். பூ விரிவதற்கு ஏறக்குறைய எட்டு முதல் பதின்மூன்று நாள் முன்பு, மொட்டு பச்சையாக மூடியிருக்கும்போதே உள்ளே மகரந்தம் உருவாகிறது. தக்காளியின் வாழ்நாளிலேயே வெப்பத்துக்கு மிகவும் பயப்படுகிற நாட்கள் அவைதான். அந்த நேரத்தில் சூடு தாக்கினால் மகரந்தம் மலடாகிவிடும். பூ என்னவோ வழக்கம்போல மஞ்சளாக, அழகாகத்தான் விரியும். கருத்தரிக்க ஒன்றும் இல்லாததால் மூன்று நான்கு நாளில் உதிர்ந்துவிடும். ராத்திரி 13 டிகிரிக்குக் கீழே போனாலும் இதே கதைதான், மகரந்தம் சரியாக முற்றுவதில்லை. உன் தோட்டத்தில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும். ஆகவே பூ உதிர்கிற அன்று பதறிப்போய் உரம் போடாதே. நான் போட்டேன். தழைச்சத்து ஏறி இலை மட்டும் காடு மாதிரி வளர்ந்தது, பூக்கொத்துகள் இன்னும் குறைந்தன.

பொதுவாகத் தக்காளிக்குப் பகலில் 21 முதல் 29 டிகிரி வரையும், ராத்திரியில் 15 முதல் 20 வரையும் இருந்தால் சுகம். பெரு, ஈக்வடார் பக்கம் ஆண்டிஸ் மலைச் சரிவுகளிலும் அதை ஒட்டிய கடலோரத்திலும் காட்டுச்செடியாக இருந்த இனத்திலிருந்து வந்தது இது. அதிகம் கொதிக்காத பகலும் உறையாத ராத்திரியும் பழகிய செடியை நாம் இரண்டு பேரும் அதன் இரண்டு எல்லைகளுக்கும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

சரி, இனி பூவைப் பற்றிச் சொல்கிறேன். நாளைக் காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகு நன்றாக விரிந்த ஒரு பூவைக் கையில் எடு. இதழ்கள் பின்னால் மடங்கியிருக்கும். நடுவில் மஞ்சளாக ஒரு கூம்பு இருக்கும். மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிய குழாய் அது, மகரந்தம் அதன் உட்புறமாகத்தான் உதிரும். கூம்பின் நுனிக்குக் கீழே கட்டைவிரல் நகத்தைப் பிடித்துக்கொண்டு, காம்பை ஆள்காட்டி விரலால் மெல்லச் சுண்டு. நல்ல பூவாக இருந்தால் நகத்தின் மேல் வெளிர்மஞ்சள் தூள், மாவு தூவினாற்போல் படியும். என்னுடைய கோடைப் பூக்களில் எத்தனை சுண்டியும் நகம் அப்படியே இருந்தது. இன்னொன்றும் பார்த்தேன். சூல்முடி, அதாவது மகரந்தம் ஏற்கிற அந்தப் பச்சை நுனி, வழக்கமாகக் கூம்புக்குள் மறைந்திருக்கும். கடும் வெப்பத்தில் அது நீண்டு ஊசி முனை மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மகரந்தம் இருந்தாலுமே அங்கே எட்டுவது கஷ்டம். உதிரப்போகிற பூவைக் காம்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். காம்பின் நடுவில் ஒரு கணு இருக்கிறதல்லவா, அந்தக் கணு வரைக்கும் மஞ்சளாகிவிட்டால் மறுநாள் தரையில்தான் கிடக்கும்.

இந்தச் சுண்டுகிற வேலை உனக்கு இன்னொரு விதத்திலும் உதவும். உன் செடிகள் கண்ணாடி அறைக்குள் இருக்கின்றன, அங்கே காற்றும் இல்லை, வண்டும் இல்லை. திறந்த வெளியில் காற்று அசைத்தாலே போதும், தன் மகரந்தத்தாலேயே தக்காளி காய்த்துக்கொள்ளும். மூடிய இடத்தில் யாராவது அசைத்துவிட வேண்டும். பம்பிள்பீ என்கிற உரோமம் அடர்ந்த குண்டுத் தேனீ பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தைக் கொட்டவைக்கும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. 1980-களின் கடைசியிலிருந்து ஐரோப்பாவின் பெரிய பசுமைக்குடில்களில் பம்பிள்பீ கூடுகளையே விலைக்கு வாங்கி உள்ளே வைக்கிறார்கள். அதற்கு முன்பு ஆட்கள் ஒவ்வொரு கொத்தாக அதிர்வுக் கருவியால் தொட்டுக்கொண்டே போவார்களாம். உனக்கு பேட்டரியில் ஓடும் பழைய பல் துலக்கி ஒன்று போதும். அதன் முதுகுப் பக்கத்தைக் கொத்தின் காம்பில் இரண்டு விநாடி வை. முற்பகலில், காற்று அதிக ஈரமில்லாமல் இருக்கும்போது செய்தால் மகரந்தம் ஒட்டிக்கொள்ளாமல் பொலபொலவென்று உதிரும்.

வெயிலில் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது நாள் பார்ப்பதுதான். கடும் வெப்பம் தொடங்குகிற வாரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குள் பிஞ்சு பிடித்துவிடுகிற மாதிரி விதைக்கும் நாளைப் பின்னோக்கி எண்ணுகிறேன். விதைத்து நாற்று நட நாலைந்து வாரம், நட்டுப் பூக்க நாலைந்து வாரம், பூ பிஞ்சாக இரண்டு வாரம். பிடித்துவிட்ட காய் வெயிலை ஓரளவு சமாளித்துப் பெருத்துவிடும். பூ பிடிக்காத மாதங்களில் செடியை உயிரோடு காப்பாற்றினால் போதும் என்று விட்டுவிடுகிறேன். ராத்திரி குளிரத் தொடங்கியதும் அது மறுபடியும் காய்க்கிறது. செர்ரித் தக்காளி வகைகளைக் கூடவே இரண்டு செடி வைப்பேன், பெரிய காய் வகைகள் கைவிட்ட பிறகும் அவை கொஞ்ச நாள் காய்த்துக்கொண்டிருக்கும்.

நிழல்வலையில் ஒரு முறை ஏமாந்தேன். அடர்த்தியாக இருந்தால் நல்லது என்று நினைத்து வாங்கிக் கட்டினேன். வெயில் குறைந்தது, கூடவே வெளிச்சமும் போய்ச் செடி நெடுநெடுவென்று நோஞ்சானாக வளர்ந்தது. வெளிச்சத்தில் 30 முதல் 50 சதவீதத்தை மறைக்கிற வலை போதும், அதுவும் மேற்கு வெயிலை மறைத்தால் பாதி வேலை முடிந்தது. வேர்ப்பகுதியில் நாலு விரல் உயரத்துக்கு வைக்கோலோ காய்ந்த இலையோ மூடாக்காகப் போட்டால் மண் சூடாகாது. தண்ணீர் காலையில், வேர் ஆழம் வரை. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக விட்டால் காயின் அடி கறுத்து அழுகும். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும், தண்ணீர் சீராகப் போகாவிட்டால் அது காய்க்குப் போய்ச் சேராது. மத்தியானம் இலை சுருண்டு நிற்பதைப் பார்த்துப் பயப்படாதே என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சாயங்காலம் விரியாமல், நுனி இலைகள் சிறுத்து மஞ்சளாகிக் கிண்ணம் மாதிரி குவிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நோய். அந்தச் செடியை உடனே பிடுங்கிவிட வேண்டியதுதான். எனக்கு மூன்று செடி அப்படிப் போனது. ஒன்றைப் பிடுங்க மனம் வராமல் விட்டதில் மற்ற இரண்டுக்கும் பரவியது. இன்னும் அது நெஞ்சில் உறுத்துகிறது.

அப்புறம் நிறம். கோடையில் என் பழங்கள் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடுகின்றன. சிவப்பைத் தருகிற லைகோபீன் 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாவதில்லை, மஞ்சள் நிறமிகள் மட்டும் வந்துவிடும். ஆகவே காயின் அடியில் லேசாக இளஞ்சிவப்பு ஏறியதுமே பறித்து வீட்டுக்குள் நிழலில் வைக்கிறேன். நிறம் முழுதாக ஏறுகிறது.

உனக்கு வருகிறேன். நீ விதை போட்டு இருபது நாளாகியும் முளைக்கவில்லை என்று தட்டைக் கொட்டிவிட்டாயே, அவசரப்பட்டுவிட்டாய். மண் 25 டிகிரியில் இருந்தால் ஆறு நாளில் முளைக்கும் விதை, 10 டிகிரியில் நாற்பது நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். காற்றின் வெப்பத்தைப் பார்க்காதே, விரலை மண்ணுக்குள் விட்டுப் பார். தட்டுக்கு அடியில் மிதமான சூடு கொடு, முளைத்தவுடன் சூட்டைக் குறைத்து வெளிச்சத்தைக் கூட்டு. இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமாகிறது என்றாய். குளிர்ந்த மண்ணில் வேரால் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, எடுக்க முடிவதில்லை, பெரும்பாலும் அதுதான். மண் சூடேறினால் தானே சரியாகும்.

நாற்றை வெளியே நடுவதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள் பழக்கு. முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. நடும்போது முதல் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டை ஆழமாகப் புதைத்தால் புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். மண் ஆழத்தில் இன்னும் சில்லென்று இருந்தால், மேல்மண்ணில் பள்ளம் எடுத்து நாற்றைப் படுக்கவைத்து நடு.

உறைபனி வரும் ராத்திரிகளை நீயே மோப்பம் பிடித்துவிடுவாய், வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கும். அன்று வெயில் மறைவதற்கு முன்பே துணியால் மூடிவிடு. பகலெல்லாம் மண் சேர்த்த சூடு உள்ளேயே நிற்கும். இருட்டிய பிறகு மூடினால் அந்தச் சூடு ஏற்கெனவே போயிருக்கும். துணி தரைவரை தொங்க வேண்டும். பிளாஸ்டிக்காக இருந்தால் இலையில் படாமல் குச்சி நட்டுப் போர்த்து. செடியைச் சுற்றித் தண்ணீர் நிரப்பிய பைகளையோ பாட்டில்களையோ நிறுத்தி வைக்கும் முறை ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு லிட்டர் தண்ணீர் உறையும்போது வெளியே விடும் வெப்பம், அதே ஒரு லிட்டர் 80 டிகிரியிலிருந்து 0 வரை ஆறும்போது விடும் வெப்பத்துக்குச் சமம். தண்ணீர் தான் உறைந்துகொண்டே நாற்றை உறையாமல் காக்கிறது!

வகையையும் மாற்றிப் பார். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஒரிகன் ஸ்பிரிங்’ மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே முதல் காய்களைப் பிடிக்கும், அவற்றில் விதையும் குறைவு. செக் நாட்டிலிருந்து வந்த ‘ஸ்டுபிட்சே’ குளிரைத் தாங்கிச் சீக்கிரம் பழுக்கும். உனக்குக் கிடைக்கிற கோடை குறுகியது, ஆகவே சீக்கிரம் பழுக்கும் வகையே உன் வகை.

கடைசிக் காய்கள் பச்சையாக நிற்கும்போது பனி நெருங்கினால், பளபளப்பு ஏறிய பெரிய காய்களைப் பறித்து வீட்டுக்குள் 15, 20 டிகிரியில் வை. அவை சீக்கிரம் பழுக்க, நடுவே ஒரு பழுத்த வாழைப்பழம் இருக்கட்டும். குளிர்பெட்டிக்குள் மட்டும் வேண்டாம். 2016-ல் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுத்த தக்காளியை 5 டிகிரியில் ஏழு நாள் வைத்துப் பார்த்தார்கள். சர்க்கரையும் புளிப்பும் அப்படியே இருந்தன, வாசனையைத் தரும் பொருட்கள்தான் குறைந்துபோயிருந்தன. வெளியே ஒரு நாள் வைத்தும் அந்த வாசனை திரும்பவில்லை. நீ வருடம் முழுக்கக் காத்திருந்து பெறுகிற பத்துப் பழங்கள் அவை, வாசனையோடு சாப்பிடு.

இரண்டு வாரமாக இங்கே ராத்திரி 21-க்கு இறங்குகிறது. இன்று காலை சுண்டிப் பார்த்தேன், நகத்தில் தூள் படிந்தது. ஏழு பூவுக்கு நூல் கட்டி அடையாளம் வைத்திருக்கிறேன். நீயும் ஒரு வெப்பமானி வாங்கித் தொங்கவிடு. அடுத்த கடிதத்தில் மற்ற செய்திகளோடு உன் ராத்திரி எண்களைப் பத்து நாளுக்காவது எழுதி அனுப்பு. இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்து, நீ எந்த வாரம் விதைக்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டு வைக்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்