அந்தக் கதவை அமைச்சர்களுக்கும் சாத்துங்கள்

பிரித்தானிய காமன்ஸ் சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நாடாளுமன்றத் தொடக்க நாளன்று, பிளாக் ராட் எனப்படும் கருங்கோல் அதிகாரி, மன்னரின் சார்பில், அவர் உரையைக் கேட்க உங்களைப் பிரபுக்கள் சபைக்கு அழைக்க வருகிறார். அந்த அதிகாரியின் முகத்துக்கு நேரே கதவை அறைந்து சாத்துகிறீர்கள். கோலால் மூன்று முறை தட்டிய பிறகே திறக்கிறீர்கள். மன்னர் உரையைக் கேட்டுத் திரும்பியதும், அதை விவாதிப்பதற்கு முன், அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பழைய மசோதாவை முதல் வாசிப்புக்கு எடுக்கிறீர்கள். ஒருவரைச் சட்டத்தின் காப்பிலிருந்து இரகசியமாக விலக்குவதைத் தடுக்கும் மசோதா அது. இரண்டாம் வாசிப்புக்கு அது போவதே இல்லை. எதை முதலில் பேசுவது என்பதை நாங்களே தீர்மானிப்போம் என்று காட்டுவதுதான் அதன் வேலை.

இவையெல்லாம் வீண் சடங்கு, விட்டுவிடலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு இல்லை. 1642 ஜனவரி 4 அன்று முதலாம் சார்ள்ஸ் படைவீரர்களோடு வந்து, ஐந்து உறுப்பினர்களைக் கைதுசெய்யச் சபைக்குள்ளேயே நுழைந்தார். அவர்கள் எங்கே என்று கேட்டபோது, இந்தச் சபை பணிப்பதைத் தவிர வேறெதையும் பார்க்கக் கண்ணோ பேச நாவோ தனக்கு இல்லை என்று சபாநாயகர் லென்தால் மண்டியிட்டுச் சொன்னார். அதன்பின் சபை கூடியிருக்கும்போது எந்த அரசரும் அந்த அவைக்குள் கால் வைத்ததில்லை. அந்தக் கதவு சாத்தப்படத்தான் வேண்டும்.

ஆனால் சார்ள்ஸ் செய்த பெரிய தீங்கு அந்த ஒருநாள் நுழைவல்ல. சபையையே கூட்டாமல் 1629 முதல் 1640 வரை ஆண்டாரே, அதுதான். 1629 மார்ச்சில் சபையை ஒத்திவைக்க எழுந்த சபாநாயகர் ஃபின்ச்சைச் சில உறுப்பினர்கள் நாற்காலியிலேயே அழுத்திப் பிடித்துவைத்துத் தீர்மானங்களை நிறைவேற்றினார்கள். பிடித்தவர்களில் ஒருவரான டென்சில் ஹோல்ஸ்தான், பிற்பாடு மன்னர் தேடிவந்த ஐவரிலும் ஒருவர்.

2019 செப்டம்பர் 10 அதிகாலையில் உங்களில் சிலரும் சபாநாயகர் பெர்கோவை இருக்கையைவிட்டு எழவிடாமல் தடுக்கப் பார்த்தீர்கள். அன்று கூட்டத்தொடரை முடித்துச் சபையை ஐந்து வாரத்துக்கு மூட உத்தரவிட வைத்தது அரசியின் விருப்பமல்ல, பிரதமரின் ஆலோசனை. அதற்காக உங்களை அழைக்க வந்த கருங்கோல் அதிகாரிக்கு அன்றும் கதவு திறந்தது. செப்டம்பர் 24 அன்று வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 11 பேரும் ஒருமனதாக, கூட்டத்தொடரை அப்படி முடித்தது செல்லாது என்று தீர்ப்பளித்த பிறகே நீங்கள் மறுபடி கூடினீர்கள். உங்கள் உரிமையை உங்களுக்கு மீட்டுத் தர நீதிமன்றம் வரவேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அதற்குப் பிறகு நிலைமை சீராகவில்லை. நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரத்தை 2022ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் மன்னரிடமே, அதாவது நடைமுறையில் பிரதமரிடமே, கொடுத்தது. அதை நீதிமன்றம் விசாரிக்கவும் தடை போட்டது. கூட்டத்தொடரை முடித்துவைக்கும் அதிகாரமும் பிரதமர் கையில்தான் இருக்கிறது. எடின்பரோவில் அப்படியில்லை. ஸ்கொட்லாந்து நாடாளுமன்றம் தன் விடுமுறையைத் தானே முடிவு செய்கிறது.

நான் கேட்பது ஒன்றே. காமன்ஸ் சபை வாக்களித்து ஒப்புக்கொள்ளாமல் கூட்டத்தொடரை முடிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் செய்யுங்கள். அரசாங்கம் இதைத் தானாகக் கொண்டுவராது. அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனி உறுப்பினர் மசோதாக்களுக்கான அடுத்த குலுக்கலில் தேர்வாகும் 20 பேரில் ஒருவராவது இதைக் கையில் எடுங்கள். மற்றவர்கள், எந்தக் கட்சியானாலும், அது விவாதத்துக்கு வரும் வெள்ளிக்கிழமை சபையில் இருந்து வாக்களியுங்கள்.

இப்படிக்கு,
லண்டனிலிருந்து ஒரு தமிழ் வாக்காளர்