அங்கதன் கையில் இருந்த வாள் எங்கே?

மதிப்பிற்குரிய திருப்பணிக் குழுவினருக்கும் கோயில் நிர்வாக அதிகாரிகளுக்கும்,

வணக்கம். எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவர் ஓவியங்கள் மேல் போன வாரம் எனாமல் பெயிண்ட் அடித்தது உங்களுக்குத் தெரியும். சம்ப்ரோட்சணத்துக்குள், அதாவது குடமுழுக்குக்குள், வேலை முடிய வேண்டும் என்ற உங்கள் அவசரமும் எங்களுக்குப் புரிகிறது.

பட்டாபிஷேகக் காட்சியை மட்டும் சொல்கிறேன். பழைய படத்தில் ராமன் பச்சை, லட்சுமணன் பொன்மஞ்சள். ‘மையோ மரகதமோ’ என்று கம்பரே திகைத்து நின்ற நிறம் அது. இப்போது அண்ணன் தம்பி நால்வரும் ஒரே ரோஸ் நிறம். சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அரியணைக்குப் பின்னால் அங்கதன் உடைவாள் ஏந்தி நின்றானே, அவனை என்ன செய்தீர்கள்? அவன் அப்பா வாலியைக் கொன்றவன் ராமன். அந்தப் பிள்ளை கையிலேயே தன் வாளைக் கொடுத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறான். என் அப்பா என்னைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டிய இடம் அது. சனிக்கிழமை என் மகளைக் கூட்டிப்போனேன். வாளும் இல்லை, வாலும் இல்லை. கையில் ஒரு தாமரைப்பூ. “இது யாருப்பா?” என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மீதிச் சுவர்களில் பெயிண்ட் பிரஷ் படக்கூடாது. இதுதான் எங்கள் கோரிக்கை. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விட வேண்டும்; எனாமல் அதை அடைத்துவிடும். உள்ளே தங்கும் ஈரமும் உப்பும் காரையையே உப்பவைத்து உதிர்த்துவிடும். அப்புறம் மீட்க எதுவும் இருக்காது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அடியில் காரை உதிராமல் இருந்ததால்தானே அது கிடைத்தது?

எந்தக் கோயிலுக்குப் போனாலும் இதே கதைதான். கருங்கல் தூணுக்குப் பெயிண்ட், கல்வெட்டை மறைத்து டைல்ஸ். உபயதாரர் பெயர் மட்டும் ஆளுயரத்துக்கு. இதையெல்லாம் தட்டிக்கேட்க ஒருவர்கூடவா இல்லை?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். வனவாசமும் சேது கட்டும் காட்சியும் இன்னும் தப்பித்திருக்கின்றன. திங்கட்கிழமை பெயிண்டர்கள் மறுபடி வருகிறார்களாம். ஓவியப் பாதுகாப்பு தெரிந்த ஒருவர் வந்து பார்க்கும்வரை அந்தச் சுவர்களைத் தொட வேண்டாம் என்று அவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அந்த மண்டபத்தில் ராமாயணம் கற்றுக்கொண்ட ஒருவன்