புதுச்சேரி சுகாதாரத் துறைக்கு: இதயம் பலவீனமானவர்களுக்கு ஒரு வெதுநீர்த் தொட்டி வேண்டும்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

எக்கோ எடுத்துப் பார்த்து ‘பம்பிங் கம்மி’, அதாவது இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலு குறைவு, என்று சொல்லப்பட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். மாத்திரை ஒழுங்காகப் போகிறது, உப்பைக் குறைத்தாயிற்று, தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்கிறார். தினமும் நடக்கச் சொல்கிறார் டாக்டர். எப்படி நடப்பார்? மூட்டுவலி ஒரு பக்கம், மூச்சுவாங்கல் ஒரு பக்கம். வைத்திக்குப்பத்திலிருந்து கடற்கரைச் சாலை போவதற்குள் சுவரைப் பிடித்து நின்றுவிடுகிறார். நடக்காமலே தொடைச் சதை வற்றி, நாற்காலியிலிருந்து எழக் கையூன்ற வேண்டியிருக்கிறது.

மார்பளவு நீரில் நின்றால் உடல் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் வயதான இதயச் செயலிழப்பு (இதயம் நின்றுபோவதல்ல, பலவீனமாகி ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாத நிலை) நோயாளிகளை 33–34 டிகிரி நீரில் வாரம் மூன்று முறை, 45 நிமிடம், எட்டு வாரம் பயிற்சி செய்யவைத்தார்கள். 2003-இல் முடிவு வெளிவந்தது. உடற்பயிற்சித் திறனும் கால் வலுவும் கூடின, நோயாளிகள் நன்றாகவே தாங்கிக்கொண்டார்கள். மொத்தம் 25 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் முயன்று பார்க்க அது போதும் என்று நம்புகிறேன்.

மருத்துவர்களின் தயக்கமும் நியாயமானதே. கழுத்தளவு நீரில் இறங்கினால், கால், வயிற்றுப் பகுதிகளிலிருந்து சுமார் 700 மில்லி ரத்தம் மார்புக்குள் தள்ளப்படுகிறது. பலவீனமான இதயம் திணறலாம். அதே சமயம் வெதுவெதுப்பில் ரத்தக்குழாய்கள் விரிவதால், இதயம் முட்டித் தள்ள வேண்டிய பளு குறைகிறது. ஆழத்தையும் சூட்டையும் சரியாகப் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சூடு அதிகமானால் பிரஷர் இறங்கி, வெளியே வரும்போது மயக்கம் போடும். அதனால்தான் வீட்டிலோ ரிசார்ட்டிலோ யாரும் தாங்களாகவே வெந்நீரில் இறங்கிப் பார்க்கக் கூடாது என்கிறேன்.

அரசு மருத்துவமனை ஒன்றின் பிசியோதெரபி பிரிவில் கைப்பிடியும் சரிவுப் பாதையும் உள்ள ஒரு தொட்டி அமையுங்கள். நோய் கட்டுக்குள் இருப்பவர்களை மட்டும், இதய மருத்துவர் பார்த்த பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். இறங்குமுன் பிரஷரும் எடையும் பார்க்க வேண்டும். எடை திடீரென ஏறியிருந்தால், கால் வீங்கியிருந்தால், அன்று தண்ணீர் வேண்டாம். பக்கத்தில் பயிற்சி பெற்ற ஆளும், இதயத் துடிப்பு தடுமாறினால் மீட்கும் ஷாக் கருவியும் இருக்கட்டும். செலவைப் பற்றி யோசிப்பீர்கள். நம் ஊர் வெயிலுக்கு மாடியில் ஒரு சோலார் ஹீட்டர் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கடலூர், விழுப்புரத்திலிருந்தும் நோயாளிகள் இங்கேதான் வருகிறார்கள். முதலில் ஒரு சிறு குழுவோடு எட்டு வாரம் நடத்துங்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று முன்னும் பின்னும் அளந்து, முடிவு எதுவானாலும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்,
வைத்திக்குப்பம், புதுச்சேரி