எட்டு இதழ், மூன்று இதழ்

அன்புள்ள மருமகனுக்கு,

பாறசாலையிலிருந்து மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். சிற்றிதழ் தொடங்கப் போகிறாய், சரி. 'ரெண்டு வருஷத்துல நின்னு போச்சுன்னா நாணக்கேடாயிருமே மாமா' என்கிறாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சேலத்திலிருந்து 1968இல் 'நடை' என்று ஒரு காலாண்டிதழ் வந்தது. பின்னால் நின்றவர் கவிஞர் சி. மணி. 1970இல் நின்றுவிட்டது. மொத்தமே 8 இதழ். ஞானக்கூத்தனின் தொடக்ககாலக் கவிதைகளும் ந. முத்துசாமியின் 'காலம் காலமாக' நாடகமும் அதில்தான் வந்தன. பிற்பாடு கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவை நடத்தினாரே, அதே முத்துசாமி. நம் நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி 1988இல் 'காலச்சுவடு' தொடங்கினார். முதல் சுற்றில் அதுவும் 8 இதழ், அப்புறம் ஒரு மலர். 1994இல் மறுபடி கிளம்பியது வேறு கதை. இவர்களுக்கெல்லாம் வராத நாணக்கேடு உனக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

மெட்ராஸில் சி.சு. செல்லப்பா நடத்திய 'எழுத்து' பத்திரிகை 1959 முதல் 1970 வரை 119 இதழ் வந்தது. அவர் புத்தகக் கட்டைச் சுமந்து ஊர் ஊராக அலைந்த மனிதர். அந்தத் தெம்பு உனக்கும் கிடையாது, எனக்கும் இருந்ததில்லை. சுந்தர ராமசாமி 'பசுவய்யா' என்ற புனைபெயரில் கவிதை எழுதத் தொடங்கியது அதில்தான். திருவனந்தபுரத்திலிருந்து கவிஞர் நகுலன் எழுதினார். மெட்ராஸ் பத்திரிகைக்கு இந்தக் கோடியிலிருந்து கவிதை போனது தபாலில்தான் என்பதை மறந்துவிடாதே.

எங்கள் பத்திரிகை 1983இல் வந்தது, மூன்றே இதழ். பெயரைச் சொன்னால் சிரிப்பாய். பாறசாலை கேரளம் அல்லவா, இங்கே அச்சகங்களில் மலையாள அச்செழுத்துதான் இருந்தது என்பதால் மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன அச்சகத்தைப் பிடித்தோம். காலால் மிதிக்கிற டிரெடில் மெஷின். எழுத்துச் சீர்திருத்தம் 1978இலேயே வந்துவிட்டது, ஆனால் அங்கே பெட்டியில் கிடந்ததில் பாதி, யானைத் தும்பிக்கை மாதிரிச் சுழி வைத்த பழைய 'லை'. புதிய 'லை' ஏழெட்டுதான் தேறும். அதனால் ஒரே கவிதையில் மூன்றாம் வரியில் புது 'மலை', நான்காம் வரியில் பழைய 'மலை'. கவிஞர் கோபித்துக்கொண்டார். நான்கு பக்கம் கோத்ததும் 'ழ' தீர்ந்துவிடும். அச்சடித்து, அதைக் கலைத்து, எழுத்தைப் பெட்டியில் திரும்பப் போட்டால்தான் அடுத்த பக்கம். ஒரு தடவை எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர், 'சாரே, ழ இல்லாத கவிதை ஏதாவது இருக்கா?' என்று கேட்டார். தேடிப் பார்த்தோம், ஒன்று இருந்தது. அதைத்தான் முதலில் போட்டோம்.

அட்டையில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டுக்கொண்டோம், பதிவு செய்கிற தொல்லை வேண்டாமே என்று. பதிவு இல்லாததால் பத்திரிகைக்கான சலுகைத் தபால் கட்டணமும் இல்லை. சந்தா மணியார்டரில் வரும். கீழே கூப்பனில் 'இரண்டாம் இதழ் இன்னும் வரவில்லை' என்று இரண்டு வரி இருக்கும். அந்த இரண்டு வரிக்காகவே தபால்காரரை எதிர்பார்த்துக் கிடப்பேன்.

நின்றது காசில்லாமல் என்று ஊரில் சொல்வார்கள், நம்பாதே. நண்பன் ஒருவன்தான் ராத்திரி உட்கார்ந்து நூற்று நாற்பது முகவரியும் எழுதி, மைதாப் பசை காய்ச்சி ஒட்டுவான். அவனுக்குப் பாலக்காட்டுக்கு மாற்றல் வந்தது. நான்காம் இதழுக்குக் கவிதை இருந்தது, கட்டுரை இருந்தது, பேப்பருக்குக்கூடக் காசு இருந்தது. ஒட்ட ஆளில்லை. ஒரு மாதம் நானே செய்துபார்த்தேன், மக்கா. முப்பதாவது முகவரியோடு கை நின்றுவிட்டது.

ஆகவே கவிஞர்களைப் பிடிப்பதற்கு முன் ஒட்டுகிற ஆளைப் பிடி. முதல் இதழுக்கு நான் வருகிறேன். பழைய முகவரி நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பக்கத்துக் களியக்காவிளைக்கு வரும்போது வீட்டுக்கு வா, எடுத்துத் தருகிறேன். பிரவுன் பேப்பர் மட்டும் நீ வாங்கிக்கொண்டு வந்துவிடு, இங்கே விலை அதிகம்.

அன்புடன்,
மாமா