வாய் பிளக்கும் மீன் இரைக்கு வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சித்திரை வெயில் ஏறிவிட்டால் விடியற்காலையில் கொழும்பின் பேரே வாவிக் கரையில் ஆள் நடமாட்டம் கூடிவிடும். திலாப்பியாக்கள் நீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டதும், இன்றைக்கு நல்லாப் படும் என்று தங்கூசியை எறிகிறார்கள். படாது. பாண் உருண்டையை மூக்குக்கு நேரே இறக்கினாலும் அது திரும்பிப் பார்க்காது. அப்புறம் பொறுமையிழந்து வலையால் அள்ளுகிறார்கள். என் ஆதங்கம் அந்த அள்ளலைப் பற்றித்தான்.

அந்த மீன் மூச்சுத் திணறி மேலே வந்தது. நீர் சூடேற ஏற அதில் ஒட்சிசன் கரைவது குறையும். 20 பாகை செல்சியஸில் லீற்றருக்குச் சுமார் 9 மில்லிகிராம் வரை கரையும். 30 பாகையில் ஏழரைதான். இதற்கு மேல் வாவியைப் பச்சையாக்கும் பாசி இருக்கிறது. பகலில் ஒட்சிசனைத் தரும் அதே பாசி இரவு முழுக்க அதை உறிஞ்சுகிறது. ஆகவே விடிவதற்குச் சற்று முன்தான் நிலைமை மிக மோசம். முதல் நாள் பின்னேரம் இடியோடு மழை கொட்டி அடிச்சேற்றையும் கலக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். திலாப்பியா 1952இல் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து நம் குளங்களுக்கு வந்த இனம். எந்தக் கெட்ட நீரிலும் தாக்குப்பிடிக்கும். அதுவே வாய் பிளக்கிறது என்றால் நீர் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

அப்படி அள்ளிய மீனைச் சட்டிக்குக் கொண்டுபோக வேண்டாம். நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நச்சைச் சுரக்கும். கொதிக்க வைத்தாலும் அது அழியாது. மீனின் ஈரலிலும் குடலிலும்தான் அது அதிகம் சேரும். புளி தாராளமாக விட்டுக் கறி வைத்தால் சரியாகிவிடும் என்பது வெறும் பேச்சு.

பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்கள் பின்னேரம் போகலாம். ஒட்சிசன் கூடியிருக்கும் நேரம் அது. மீனும் உண்மையாகவே இரை தேடும். பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுங்கள்.

பொறுப்பானவர்களுக்கும் ஒன்று: வாவி நீரின் ஒட்சிசனை அலுவலக நேரத்தில் அளந்தால் கணக்கு அழகாகத்தான் வரும். விடியற்காலை ஐந்து மணிக்கு அளந்து, அந்த எண்ணைக் கரையில் மூன்று மொழிகளிலும் எழுதி வையுங்கள். கழிவுநீர் வந்து விழும் வாய்க்கால்களை அடைக்கும் வரைக்கும் அதையாவது செய்யலாமே.

இப்படிக்கு,
கொம்பனித்தெரு வாசகர் ஒருவர்,
கொழும்பு 2