புகார்: வீணைக்குக் கேட்டது ஒரு பல்சக்கரம், மாற்றியது நான்கு கீ. என் பழைய செட்டைத் திருப்பித் தரவும்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
இசைக்கருவி பழுதுபார்ப்புப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போனில் சொல்லிப் பார்த்தேன், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன், நேரிலும் வந்தேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுத்து, "முதல்ல இருந்து சொல்லுங்க மேடம்" என்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். இதற்கும் "டிக்கெட் நம்பர் என்ன?" என்று ஒரு வரிப் பதில் போட்டுவிடாதீர்கள்.

நான் கொடுத்தது என் தாயாரின் தஞ்சாவூர் வீணை. ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்டம். வாசிப்புத் தந்தி நான்குக்கும் பல்சக்கரக் கீ, அதாவது தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகு, அவர் காலத்திலேயே போட்டது. தாளத் தந்தி மூன்றுக்கும் இன்றுவரை பல்சக்கரம் இல்லாத மரப் பிருடைதான். சக்கரத்தில் கோளாறு மந்தரத் தந்தியின் கீயில் மட்டும். அதன் பித்தளைச் சக்கரம் தேய்ந்து, திருகும்போது பல் வழுக்கியது. எஃகுத் திருகோடு உரசுகிற பித்தளைதான் முதலில் தேயும், இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அனுமந்தரத் தந்தியின் கீயில் பிளாஸ்டிக் பிடி பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்குக்கு வயதானால் அப்படித்தான் ஆகும். ஆக, ஒரு சக்கரம், ஒரு பிடி. மற்றவற்றைத் துடைத்து, நடுத் திருகை இறுக்கி, பல்லுக்கு ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். அவ்வளவுதான் வேலை. உங்கள் ரசீதிலும் "1 கியர், 1 நாப்" என்றுதான் எழுதியிருக்கிறது.

திரும்பி வந்தது என்ன? நான்கையும் கழற்றிவிட்டு, மூடிய வகை எலெக்ட்ரிக் கிட்டார் கீ. அதுவும் ஆறு கீயும் ஒரே பக்கம் வரிசையாக வரும் கிட்டாருக்கான செட்! வீணையில் பக்கத்துக்கு இரண்டு. இடப்பக்கத்துக் கீயும் வலப்பக்கத்துக் கீயும் ஒன்றுக்கொன்று எதிர்வாட்டமாக இருக்க வேண்டும். ஒரே பக்கத்துக்கான கீயை இரண்டு பக்கமும் மாட்டினால் என்ன ஆகும்? ஒரு பக்கத்துத் தந்திகள் ஏற்றினால் ஏறுகின்றன. எதிர்ப்பக்கத்துத் தந்திகள் ஏற்றினால் இறங்குகின்றன.

இதைச் சொன்னபோது உங்கள் கவுன்டரில் இருந்த இளைஞர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஆப்போசிட்டா திருகிப் பழகிக்கோங்க மேடம். ரெண்டு நாள்ல செட் ஆயிடும்." சட்டையில் பெயர் அட்டை இல்லை. பெயரைக் கேட்டதற்கும் பதில் இல்லை. வீணை வகுப்பு எடுப்பவளிடம், கச்சேரி நடுவில் சுருதி சேர்ப்பவளிடம், கையை மாற்றிப் பழகு என்கிறார்!

சரி, அதை விடுங்கள். துளைக்கு வருகிறேன். புதுக் கீ நுழையவில்லை என்று துளைகளை 10 மில்லிமீட்டருக்குக் குடைந்திருக்கிறீர்கள். யாரைக் கேட்டுக் குடைந்தீர்கள்? போன மரம் திரும்பி வருமா? திருகு அடித்த இடத்தில் மரம் வெடித்திருக்கிறது. பிடிப்பே இல்லை. தந்தியின் இழுப்புக்கு மந்தரக் கீ மொத்தமாகச் சாய்கிறது. மூன்று கட்டையில் சுருதி சேர்த்துக் கமகத்துக்கு ஒரு இழு இழுத்தால், திரும்பி வரும்போது ஸ்வரம் இறங்கி நிற்கிறது. ஒரு வர்ணம்கூட முழுதாக வாசிக்க முடியவில்லை. மூன்று தலைமுறைக்கு வர வேண்டிய வாத்தியத்தை விறகாக்கிவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன்.

இதைச் சொல்லப் போன் செய்தால் உங்கள் டெக்னீஷியன் எனக்குப் பாடம் எடுக்கிறார், "கீழ இறக்கிட்டு மேல ஏத்தி நிறுத்துங்க மேடம், லூஸ் தெரியாது" என்று. பல்லிடுக்குத் தளர்வுக்கு அப்படித்தான் சேர்க்க வேண்டும் என்பது என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கே தெரியும். அது தேய்ந்த பல்லுக்கான வைத்தியம். இங்கே ஆடுவது கீயே!

இன்னொன்று. "ரெடி, வந்து எடுத்துக்கோங்க" என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, மயிலாடுதுறையிலிருந்து ரயிலில் வந்து இறங்கினால், "வீணை குடோன்ல இருக்கு, நாளைக்கு வாங்க" என்றார்களே, அதற்கு யார் பொறுப்பு? மார்கழியில் ஒரு வேலை நாளும் டிக்கெட்டும் போனது மட்டுமல்ல, அன்றைய வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் நான்தான் பதில் சொன்னேன். அன்றும் கவுன்டரில் அதே இளைஞர்தான். "பழசையே ஏன் கட்டிட்டு அழறீங்க, புதுசு வாங்கிடுங்க, ஆஃபர் போகுது" என்றார். உங்கள் விளம்பரத் தாளில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்து 24 மெட்டு வீணை, 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குக் கிடைத்த புவிசார் குறியீடு என்று பெருமை பெருமையாக அச்சடித்திருக்கிறீர்களே, அதை ஒருமுறை அவருக்கும் படிக்கக் கொடுங்கள்.

நான் சண்டைக்காரி இல்லை. உங்கள் கடையில் தந்தியும் மெழுகும் வாங்கியவள்தான். எனக்கு வேண்டியது இவ்வளவே. கழற்றிய பழைய கீ நான்கும் அப்படியே என் வீட்டுக்கு வர வேண்டும். "ஸ்கிராப்ல போட்டிருப்பாங்க" என்ற பதிலை நான் ஏற்கப் போவதில்லை, என் பொருளை ஸ்கிராப்பில் போட உங்களுக்கு உரிமை கிடையாது. அப்புறம், அகலமான துளைக்குள் பழைய கீயின் கம்பத்தைப் பொருத்த அடாப்டர் புஷ் என்ற வளையம் இருக்கிறது. அதைப் போடுவதும், வெடித்த மரத்தை வீணை செய்யும் ஆசாரி ஒருவரிடம் கொடுத்துச் சரி செய்வதும் உங்கள் செலவு. வாங்கிய பணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

பொங்கலுக்குள் நல்ல பதில் வந்தால் விஷயத்தை இத்துடன் விட்டுவிடுகிறேன். வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், அதற்காகச் சென்னைக்கு நான் அலைய வேண்டியதில்லை. இந்த முறை ரயில் ஏறி வர வேண்டியவர்கள் நீங்கள். ரசீது, உங்கள் குறுஞ்செய்தி, துளையின் படங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. தயவுசெய்து அந்த அளவுக்குப் போக வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
வீணை ஆசிரியை,
மயிலாடுதுறை.

பி.கு.: பழைய கீகளோடு அவற்றின் குட்டித் திருகுகளையும் சேர்த்து அனுப்பவும். அந்த அளவில் இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. "சின்னதுதானே மேடம்" என்று பதில் வரும் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.